ஆயுத வீட்டில் கழற்றிய சப்பாத்து

எனக்கு எரிச்சல் குணம். மற்றவனுக்குக் கிடைத்த நல்லது எனக்குச் சோற்றை இறங்க விடாது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பிழை யார் பக்கம் என்று நீங்கள் தேடி அலையத் தேவையில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் நானும் என் கூட்டாளியும் பிரெடெரிசியாவில் ஒரே அறையில் இருந்தோம். ஒரே கிழமையில் டென்மார்க்கில் வந்து இறங்கிய அகதிகள். அவன் பாசையூர்க் கடற்கரைப் பக்கம், நான் மன்னார். இரண்டு பேரும் கத்தோலிக்கர், இரண்டு பேரும் கலியாணம் கட்டி ஒரு வருடம் ஆவதற்குள் மனைவியை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். மனைவியைக் கூப்பிடும் விண்ணப்பத்தை ஒரே மேசையில், ஒரே அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரே பின்னேரம் இருந்து நிரப்பினோம்.

அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? நான் நேர்மையாக யோசித்து, என் பெயருக்குப் பின்னால் என் தகப்பன் பெயரையும், மனைவியின் பெயருக்குப் பின்னால் அவளுடைய தகப்பன் பெயரையும் எழுதினேன். பிறப்புச் சான்றிதழில் அப்படித்தான் இருந்தது. கூட்டாளி ஒன்றும் யோசிக்கவில்லை. தன் பெயரைத் தூக்கி மனைவியின் பெயருக்குப் பின்னால் போட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனான்.

அவனுடைய மனைவி கோடையில் வந்து சேர்ந்தாள். என்னுடைய படிவம் திரும்பி வந்தது. இந்த இரண்டு பேரும் உண்மையில் புருஷன் பெண்சாதிதானா, பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதி, மன்னாரிலிருந்து பங்குச் சுவாமியின் கடிதம் எடுப்பித்து, மொழிபெயர்த்து அனுப்புவதற்குள் மாதக்கணக்கில் போய்விட்டது. அதற்குள் எல்லாம் நின்றுபோயிருந்தது. எங்கள் ஆட்களின் கோப்புகளை நீதி அமைச்சிலேயே தொடாமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் நாட்டுக்கே தெரிய வந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, தபால் பெட்டியில் எனக்கு ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான்.

கூட்டாளியும் மனைவியும் இரண்டு தெரு தள்ளி ஒரு வீடெடுத்துப் போனார்கள். அவன் ஓட்டுநர் பத்திரம் எடுத்து, பழைய கார் ஒன்றையும் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் வாசலில் கோர்ன் அடிப்பான். நான் பின் சீற்றில் ஏறுவேன். முன் சீற்றில் அவள் இருப்பாள், மடியில் தேத்தண்ணிப் போத்தலும் மீன் ரோல்ஸ் பெட்டியும். வயல் நடுவே, மேட்டில், படிப்படியாய் ஏறிய முகப்போடு வெள்ளைக் கோயில் ஒன்று தெரிந்துவிட்டால் போதும். அவள் "நிப்பாட்டுங்கோ" என்பாள், அவன் நிப்பாட்டுவான். அந்தச் சொல்லுக்கே எனக்கு வயிறெரியும். என்னிடம் நிப்பாட்டச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

அவையெல்லாம் எழுநூறு எண்ணூறு வருடத்துக் கோயில்கள். முதல் கோயிலில் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. கோயில் கதவுக்கு முன்னால் சின்ன அறைபோல ஒரு முன்கட்டு. சுவரில் தொங்கிய பலகையில் அதற்கு வோபன்ஹூஸ் என்று பெயர் போட்டிருந்தது. கூட்டாளி எங்கே போனாலும் கொண்டு திரியும் சட்டைப்பை அகராதியை எடுத்துப் பிரட்டிப் பார்த்துவிட்டு, "ஆயுத வீடு" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, ஆமிக்காரற்ற இடமோ? வாங்கோ போவம்."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஆனாலும் நானும் ஒருமுறை கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன் என்பதை மறைக்கக் கூடாது. பிறகு மூன்று பேரும், ஊரில் கோயில் வாசலில் செய்வதுபோல, சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனோம். செங்கல் நிலம் காலுறையையும் தாண்டிக் குளிர்ந்தது.

கோயிலைச் சுற்றிக் கல்லறைகள் கிடந்த சேமக்காலையைப் பராமரித்து மணியடிக்கும் ஒரு டேனிஷ் மனுஷி சற்று நேரத்தில் ஓடி வந்தார். முன்கட்டில் மூன்று சோடி சப்பாத்தைப் பார்த்ததும் யாரோ என்னவோ என்று பயந்திருக்கிறார். காலுறையோடு வரிசையாக நின்ற எங்களைக் கண்டு முதலில் திகைத்து, பிறகு மெதுவான டேனிஷில் விளக்கினார். அந்தக் காலத்தில் ஆண்கள் வாளையும் கத்தியையும் அந்த முன்கட்டில் வைத்துவிட்டுத்தான் பூசைக்கு உள்ளே போவார்களாம். சப்பாத்தை வைத்தவர்கள் நாங்கள்தான் முதல் ஆட்கள் என்றார். அவரே வளைவுக் கூரையைக் காட்டினார். புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தம் வந்தபின் வெள்ளை பூசி மறைத்த பழைய ஓவியங்களைச் சுரண்டி வெளியே எடுத்திருந்தார்கள். செம்மண் நிறத்தில் மாதா, மடியில் பாலன். பழைய நாளில் இடது பக்கம் பெண்களும் வலது பக்கம் ஆண்களும் இருந்ததாகவும் சொன்னார்.

"பாத்தீங்களே அண்ணை," என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "இது எங்கட கோயில்தான். இவையள் சும்மா வெள்ளை அடிச்சு வச்சிருக்கினம்."

சொல்லிவிட்டு ஊர்ப்பழக்கத்தில் இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் வலது பக்கம் போனேன். கூட்டாளி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இப்ப டேனிஷ்காரர் சேந்துதானே இருக்கினம்" என்று அவள் பக்கத்தில் போய் இருந்துகொண்டான். வலது பக்கம் முழுவதும் நான் ஒருவன். அன்றைக்கு மாதாவிடம் நான் கேட்டது செபமே இல்லை.

வெளியே வரும்போது முன்கட்டு மேசையில் வருகைப் புத்தகம் ஒன்று விரித்திருந்தது. கூட்டாளி பேனையை எடுத்து தன் பெயரையும் அவள் பெயரையும் ஒரே வரியில் எழுதினான். அடுத்த வரியில் நான் என் பெயரை எழுதினேன். அவர்கள் வரி நீளமாகக் கிடந்தது. என்னுடையது பாதியில் நின்றது. அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் அந்தப் புத்தகத்தை நான் தொடவில்லை. "நீங்கள் எழுதிப்போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு காருக்குப் போய்விடுவேன்.

ஒரு வருடத்தில் எத்தனையோ கோயில் பார்த்தோம். எல்லாவற்றிலும் எனக்கு எரிய ஏதாவது ஒன்று கிடைத்தது. ஒரு கோயிலில் கூரையிலிருந்து பாய்மரக் கப்பல் ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். கடல் பிழைக்க விட்டதற்கு யாரோ மாலுமிகள் கொடுத்த நேர்த்தி. கூட்டாளி சிறுபிள்ளை மாதிரி கீழே நின்று அதன் கயிறுகளை எண்ணினான். அவள் கழுத்து வலிக்கும் என்று அவன் பிடரியைத் தேய்த்துவிட்டாள். நான் கப்பலையா பார்த்தேன்? இன்னொரு கோயிலில் நிலத்தில் கல்லறைப் பலகை, அதில் யாரோ பிரபுவும் மனைவியும் கைகூப்பி நின்றபடி செதுக்கப்பட்டிருந்தார்கள். நானூறு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். செத்துப்போனவர்கள் மேல் பொறாமைப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். நாலு பக்கப் படிவம் நிரப்பாமலே ஒன்றாய்க் கிடக்கிறார்களே என்று எரிந்தேன்.

மனைவிக்கு எழுதிய கடிதங்களில் இந்தக் கோயில்களைப் பற்றி எழுதுவேன். கப்பலைப் பற்றி, மாதாவைப் பற்றி, சப்பாத்தைக் கழற்றியதைப் பற்றி. ஆனால் எல்லாவற்றையும் நான் தனியே போனதுபோல எழுதினேன். அவர்கள் இரண்டு பேரையும் கடிதத்துக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. காரே என்னுடையது என்று அவள் நினைத்திருந்தால் அதற்கும் நான்தான் காரணம்.

இரண்டாவது இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, காரில் போகும்போதே கூட்டாளி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மச்சான், நீ மாமாவாகப் போறாய்." அவள் வெட்கப்பட்டு ரோல்ஸ் பெட்டியைத் திறந்து மூடினாள். நான் "சந்தோசம்" என்றேன். அந்தச் சொல் வாயில் கல்லாகக் கிடந்தது. என் மனைவியிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம். ஊரில் சண்டை. அவள் இருக்கிறாளா என்றே தெரியாத நாட்கள் அவை.

அந்தக் கோயிலில் சுவர் நிறைய ஒரு பெரிய மரச்சட்டப் படம். கறுப்பு அங்கி போட்ட ஒரு குருவானவர் நடுவில் முழங்காலில் நின்றார். இந்தப் பக்கம் ஒரு மனைவி, அந்தப் பக்கம் இன்னொரு மனைவி, பின்னால் ஏணிப்படியாய்ப் பிள்ளைகள். முதல் மனைவி செத்தபின் இரண்டாவதைக் கட்டியிருப்பார், ஆனால் படத்தில் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். கூட்டாளி என் தோளில் கை போட்டான்.

"பாரடா, இந்த மனிசனுக்கு ரெண்டு பெண்சாதி. ஒண்டை உனக்குத் தரச் சொல்லிக் கேப்பமோ?"

பகிடிதான். எங்கள் அறையில் இதைவிட மோசமான பகிடியெல்லாம் விட்டிருக்கிறோம். ஆனால் அன்றைக்கு என் உள்ளே எதுவோ அறுந்தது.

"உனக்குத் தெரிஞ்சிருந்தது," என்று கத்தினேன். "அந்தப் படிவத்தை எப்பிடி நிரப்ப வேணுமெண்டு உனக்குத் தெரியும். உன்ர மனிசி முந்தி வர வேணுமெண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனீ."

அவன் கையை எடுத்தான். அவள்தான் மெல்லமாக, "அண்ணை, கோயிலுக்குள்ள..." என்றாள்.

"நீர் பேசாதையும் தங்கச்சி. உமக்கென்ன? எல்லாம் கிடைச்சிட்டுது. மனிசன் கிடைச்சான், கார் கிடைச்சுது, இப்ப பிள்ளையும் கிடைச்சிட்டுது."

சொல்லும்போது நான் அவளுடைய வயிற்றைப் பார்த்தேன். அவளும் அதைக் கண்டாள். இரண்டு கையையும் கொண்டுவந்து வயிற்றை மூடிக்கொண்டாள். கண்ணூறு என்றால் என்ன என்று ஊரில் பிறந்த எவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. நான் திரும்பி நடந்தேன். முன்கட்டில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பின்னால் பார்க்காமல், வயல் ரோட்டில் இறங்கினேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நாலு கிலோமீற்றர் இருக்கும். பாதி வழியில்தான் கால் உள்ளே சறுக்குவது தெரிந்தது. நானும் அவனும் ஒரே கடையில் ஒரே நாள் வாங்கிய ஒரே மாதிரிக் கறுப்புச் சப்பாத்து. அவனுடையது ஒரு அளவு பெரிது. கோபத்தில் அவனுடையதைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்படியென்றால் அவன் என்னுடையதற்குள் காலைத் திணித்துக்கொண்டு கார் ஓட்டியிருப்பான். கடிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்ட மனம்.

அவன் வரவில்லை, நானும் போகவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முன் அவனுக்குத் தலைநகரப் பக்கம் ஹ்விடோவ்ரேயில் வேலை கிடைத்து அங்கே மாறிவிட்டார்கள் என்று மற்ற ஆட்கள் சொல்லித்தான் தெரியும். அவனுடைய சப்பாத்தைப் பையில் போட்டு நிலக்கீழ் அறையில் வைத்தேன். பிள்ளை பிறந்ததா, சுகமாகப் பிறந்ததா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஹ்விடோவ்ரே ஆட்கள் யாராவது வந்து கதையைத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். என் கண் பட்ட பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதை என் காதால் கேட்க எனக்குத் துணிவில்லை.

கோப்புகள் திரும்பவும் அசையத் தொடங்கி, கனகாலம் கழித்து என் மனைவி வந்தாள். நேரில் பார்த்தபோது படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். வந்த இரண்டாம் கிழமையே, "கப்பல் தொங்கிற கோயிலுக்கு எப்ப கூட்டிக்கொண்டு போவியள்?" என்று கேட்டாள். என் கடிதங்களை எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தாள். கார் இல்லை என்றேன், பனி என்றேன், வேலை முறை மாறிவிட்டது என்றேன். எங்கள் கோப்புகளை ஒதுக்கி வைத்த விவகாரத்தில் கடைசியில் அரசாங்கமே விழுந்தது. அந்த வசந்தத்தில் நான் கார் வாங்கினேன். இனிச் சொல்ல ஒரு சாட்டும் மிஞ்சவில்லை.

ஒரு ஞாயிறு அந்தக் கப்பல் கோயிலுக்குப் போனோம். முன்கட்டில் அவள் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினாள். நான் குனிந்து என்னுடையதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த புத்தகத்தைப் பிரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் டேனிஷ் கொஞ்சம் கொஞ்சமாய் வந்துகொண்டிருந்தது. கடைப்பலகை, பஸ் நேரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பாள். அது ஆளில்லாத ஊர்க் கோயில், ஐந்தாறு வருடத்துக்கு ஒரே புத்தகம்.

"இதில என்ர பேர் கிடக்குது," என்றாள்.

நான் நிமிர்ந்தேன். டேனிஷ் எழுத்துக்கு நடுவே ஒரு வரி தமிழ். கூட்டாளியின் பெயர், அவன் மனைவியின் பெயர், என் பெயர், என் மனைவியின் பெயர். ஒரே வரியில், உருட்டி உருட்டி எழுதிய பெண் எழுத்து. பிறகு, "நாலு பேரும் வந்தோம்."

"நீங்கள் தனியப் போனனீங்கள் எண்டெல்லோ எழுதினனீங்கள்?" அவளுடைய குரல் மாறிவிட்டது. "இது ஆரின்ர எழுத்து? ஆர் இந்தப் பொம்பிளை?"

அந்த எரிச்சலை எனக்குத் தெரியும். என் வீட்டுப் பிள்ளை மாதிரி அதை வளர்த்தவன் நான். அந்த முன்கட்டில், காலுறையோடு நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், பின் சீற்று, படத்துப் பகிடி, வயிற்றைப் பார்த்தது, சப்பாத்து.

சொல்லி முடித்தபோதாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். என் மனைவியை நான் இந்தக் கோயிலுக்குக் கூட்டி வரும் முன், எத்தனையோ வருடத்துக்கு முன், அவள் முகத்தையே காணாத ஒருத்தி கூட்டி வந்துவிட்டாளே! நான் கடிதத்துக்குள் அவர்களை விடாமல் கதவைச் சாத்தியபோது, அவள் எங்களை உள்ளே எடுத்து உட்கார வைத்திருக்கிறாள். வெட்கம் அதற்குப் பின்னால் வந்தது. வந்தபின் போகவில்லை.

"சண்டை பிடிச்ச கோயிலுக்குக் காரை விடுங்கோ," என்றாள் மனைவி.

விட்டேன். அங்கேயும் அந்த நாளையப் புத்தகமே இன்னும் முடியாமல் இருந்தது. அந்த ஞாயிற்றின் தேதியில் நாலு பெயரும் இருந்தன. நான் வயல் ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது, என் வாயால் அத்தனையும் கேட்டபின், அவள் நின்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழேயும் அதே வசனம்தான், நாலு பேரும் வந்தோம்.

மனைவி பேனையை எடுத்தாள். "அவையின்ர பிள்ளைக்கு என்ன பேர்?"

"தெரியாது."

"பெடியனோ பெட்டையோ?"

"அதுவும் தெரியாது."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைய தேதியைப் போட்டு, அதே ஒழுங்கில் நாலு பெயரையும் எழுதினாள். ஐந்தாவது பெயருக்கு இடம் விட்டாள். "கேட்டுக்கொண்டு வந்து நீங்களே எழுதுங்கோ" என்று பேனையை வைத்துவிட்டு உள்ளே போய் இடது பக்கம் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இடம் இருந்தது. அந்த இடத்துக்காகத்தானே ஊரிலுள்ள அத்தனை பேர் மேலும், செத்தவர்கள் மேலும்கூட, எரிந்து திரிந்தேன். போய் இருக்க எனக்கு முகமில்லை. வலது பக்கம் போய் இருந்தேன்.

மறுநாள் வேலையால் வந்து, ஆட்களிடம் விசாரித்து எடுத்த ஹ்விடோவ்ரே எண்ணை அடித்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள். யார் எடுத்தாலும் என்ன சொல்வதென்று மனதுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். மணி மூன்று முறை அடித்தது. டென்மார்க்கில் தொலைபேசியை எடுப்பவர் ஹலோ சொல்ல மாட்டார், தன் பெயரைத்தான் சொல்வார். பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்கும் அதைத்தான் பழக்குவார்கள்.

ஒரு சின்னக் குரல் டேனிஷில் தன் பெயரைச் சொன்னது. பெண்பிள்ளையின் பெயர். தெளிவாக, உரத்து, ஒரு குறையும் இல்லாத குரல். நான் கேட்க வேண்டியதை நான் கேட்கும் முன்பே அது தந்துவிட்டது. மனைவி என் முழங்கையில் இடித்தாள்.

முறைப்படி நானும் என் பெயரைச் சொன்னேன்.

பிறகு பிள்ளை தொலைபேசியைத் தூரப் பிடித்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி தமிழில் கத்தியது:

"அம்மா, சப்பாத்து மாமா!"